நாற்பத்தொரு விநாடி நாயகி

ஒரு நடிகரின் படங்கள் வரிசையாக எத்தனை ஓடின என்று எண்ணுவதற்கு மூன்று மாடிக் கட்டடமும் லிஃப்டும் அறுபது ஊழியர்களும் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். குஷனுக்கும் தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அங்கே ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

குஷன் என்பது ஊர் வைத்த பெயர். தியேட்டர் நாற்காலிகளுக்கு மெத்தை மாற்றுகிறவர். கிழிந்த ரெக்சினைப் பிரித்து, நைந்த ஃபோமை எடுத்துவிட்டு, புதிதாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். இருபத்தேழு வருடமாக இதுதான் வேலை. எந்தப் படம் ஓடியது, எது ஓடவில்லை என்று அவரிடம் பேப்பர் பார்த்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. படம் நன்றாக இருந்தால் ஜனங்கள் நுனிக்கு வந்து உட்காருவார்கள், நாற்காலியின் முன்பக்கத் தையல் விட்டுப்போகும். மோசமாக இருந்தால் கைப்பிடியில் நகத்தால் கீறி வைத்திருப்பார்கள். ரொம்ப மோசமாக இருந்தால் நாற்காலி புதிது மாதிரியே இருக்கும்.

அவர் மனைவி சினிமாவில் கூட்டத்தில் நிற்கிறவர். கல்யாண வீட்டுக் கூட்டம், கோர்ட்டு வாசல் கூட்டம், கடைத்தெருக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக இழவு வீட்டுக் கூட்டம். கண்ணில் மருந்து விடாமலே பொலபொலவென்று அழுவார் என்பதால் படப்பிடிப்பில் எல்லோரும் அவரை அழுகை அக்கா என்றே கூப்பிடுவார்கள். இருபத்துமூன்று வருடம் ஒரு வார்த்தை பேசாமல் அழுதவருக்குப் போன வருடம்தான் ஒரு வசனம் கிடைத்தது. ஆஸ்பத்திரிக் காட்சி. நர்ஸ் வேஷம். கட்டிலைச் சுற்றி மொய்க்கிறவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "இங்க கூட்டம் போடாதீங்க. எல்லாரும் வெளியே போங்க. காத்து வரட்டும்."

அவ்வளவுதான். அதை அவர் மூன்று வாரம் மனப்பாடம் பண்ணினார். சமையலறையில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார், கூட்டத்தில் கூட நிற்கிற நானூறு பேரிடமும் சொல்லிக் காட்டினார். நானூறு பேருக்கும் தலைகீழாகப் பாடம். எடுக்கிற அன்றைக்கு ஒன்பது டேக் ஆனது. அக்கா ஒன்பது தடவையும் சரியாகத்தான் சொன்னார். கதாநாயகனின் கறுப்புக் கண்ணாடிதான் ஒவ்வொரு தடவையும் மூக்கிலிருந்து நழுவியது. கடைசியில் டைரக்டர் கண்ணாடியைப் பார்த்து "ஓகே" என்றார். அக்காவைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வசனம் பேசி, படமும் வெளியாகிவிட்டால் அந்த மூன்று மாடி வாரியத்தில் வசன அட்டை தருவார்கள். அட்டை இருந்தால்தான் அடுத்து பேசுகிற வேஷம் தேடிப் போகலாம். ஆனால் ஐம்பது வயது முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். அக்காவுக்கு அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி ஐம்பது முடிகிறது. அவரால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதால் குஷன் விண்ணப்பத்தோடு வந்து நின்றார்.

தொடர் வெற்றிக் கணிப்பு வாரியம் எதையும் சாதாரணமாகச் செய்யாது. நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டி ஒன்று. உள்ளே வெல்வெட் மேல் பித்தளையில் '16' என்று ஒரு எண். ரசிகர்கள் உச்சம் என்று அழைக்கிற நடிகரின் தொடர்வெற்றி அது. வரிசையாகப் பதினாறு படம். அந்த எண்ணுக்கு இரண்டு காவலர்கள், ஒரு மின்விசிறி.

குஷன் டோக்கன் எடுத்தார், உட்கார்ந்தார். ஒலிபெருக்கி கூப்பிட்டது: "டோக்கன் பதினாறு."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். பேனா பிடித்திருந்தவர் பேனாவோடு, டீ குடித்தவர் வாயில் டீயோடு. குஷனும் எழுந்தார். யாரோ பெரிய மனுஷர் வருகிறார் போல என்று வாசலைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கழித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் கவுன்டருக்குப் போய் டோக்கனை நீட்டினார்.

குமாஸ்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாருய்யா உங்களுக்கு இந்த நம்பரைக் குடுத்தது?"

"மெஷின்லதான் வந்துது சார்."

"பதினாறு யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. அது அவரோடது." குமாஸ்தா டோக்கனை இரண்டு கையாலும் வாங்கி ஒரு உறைக்குள் வைத்தார். "நீங்க பதினஞ்சு-அ. போய் உக்காருங்க."

பதினைந்து-அ அன்றைக்குக் கூப்பிடப்படவில்லை. மறுநாளும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் குஷனுக்குக் கை ஊறும். வாரியத்தின் நாற்காலிகளைப் பார்த்தார். எல்லாம் நடுவில் குழி விழுந்து கிடந்தன. முன்பக்கத் தையல் ஒன்றுகூட விடவில்லை. எழுந்திருக்காமலே உட்கார்ந்து கிழித்தவை. இப்படி ஒரு கிழிசலை அவர் இருபத்தேழு வருடத்தில் பார்த்ததில்லை.

"பையில ஊசி இருக்கா?" என்று, அவர் தொழிலை விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு அதிகாரி கேட்டார். அப்புறம் என்ன, மூன்று நாளில் இரண்டாம் மாடி முழுக்கத் தைத்துக் கொடுத்தார். நான்காம் நாள் செயலாளரின் நாற்காலிக்கு வந்தார். செயலாளர் அதுவரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் விண்ணப்பத்தைப் படித்தார்.

"எந்தப் படம்?"

"உச்சம் சாரோட போன படம்தான் சார். பதினேழாவது."

செயலாளர் கதவைச் சாத்தினார். "பதினேழாவதுன்னு ஒண்ணு இருக்குன்னு யார் சொன்னா?"

"என் வீட்டுக்காரி அதுல பேசியிருக்கா சார். நானே தியேட்டர்ல பார்த்தேன்."

"எத்தனை பேர் இருந்தாங்க?"

"நானும், டார்ச் லைட் அடிக்கிறவரும். அவர் நடுவுல தூங்கிட்டார்."

செயலாளர் பெருமூச்சு விட்டார். அந்தப் படம் விழுந்தது ஊருக்கே தெரியும். நான்காம் நாளே தியேட்டர்காரர்கள் போஸ்டரைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் வாரியத்துக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தால் பதினாறு பதினாறாகவே நின்றுவிடும், அதோடு முடிந்தது.

"இதுக்கு முன்னாடி எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று குஷன் வெள்ளந்தியாகக் கேட்டார். "பன்னெண்டாவது படத்துக்கும் எனக்கு ஒரு சீட்டுகூட கிழிஞ்சு வரலையே."

"அது மழைக்காலம். மழையோட தோல்வின்னு பதிவு பண்ணிட்டோம். நாலாவது, மூணாவது படத்தோட பின்பாதின்னு தீர்மானம் போட்டோம். ஒன்பதாவது வெளிவந்த வாரம் பரீட்சை. அது பள்ளிக்கூடங்களோட தோல்வி." செயலாளர் இதையெல்லாம் பெருமையாகத்தான் சொன்னார். "தோல்வியை அழிக்க முடியாதுங்க. அது சட்டம். ஆனா யார் கணக்குல வேணும்னாலும் எழுதலாம். இந்தத் தடவை மழையும் இல்லை, பரீட்சையும் இல்லை. அதான் அளவை அதிகாரி அளந்துக்கிட்டிருக்கார்."

அளவை அதிகாரி கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்கவிட்டிருந்தார். படத்தை எழுபத்திரண்டு தடவை பார்த்தவர், பாவம், கண் இரண்டும் சிவந்திருந்தது. அவருடைய அறிக்கையை வாரியத் தலைவர் அறையில் வைத்துப் படித்தார்கள். குஷனும் அங்கேதான் இருந்தார். தலைவர் நாற்காலியின் அடியில், வாயில் ஊசியோடு.

அளவை அதிகாரி படித்தார். "சண்டைக் காட்சிகள் மொத்தமும் டூப். கழிச்சாச்சு. நடனத்துல கால் அவரோடது இல்லை. கழிச்சாச்சு. முதுகு காட்டுறது எல்லாம் வேற ஆளு. குரல் வேற ஆளு. கறுப்புக் கண்ணாடி போட்ட காட்சிகள்ல கண்ணு தெரியாததால அது அவர்தான்னு சட்டப்படி நிரூபிக்க முடியாது. மிச்சம், முப்பத்தெட்டு விநாடி."

"அற்புதம்!" தலைவர் மேஜையைத் தட்டினார். "முப்பத்தெட்டு விநாடின்னா கௌரவத் தோற்றம். இது அவர் படமே இல்லை!"

"ஆனா ஐயா, விதிப்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நாயகர் வேணும். தோல்வி அவர் பேர்ல ஏறணும்."

"கதாநாயகி?"

"முகம் ஒருத்தர், குரல் ஒருத்தர். பாதிப் பாதிதான் வருது."

"வில்லன்?"

"அவருக்கு வரிசையா பதினொண்ணு ஓடிக்கிட்டிருக்கு ஐயா."

எல்லோரும் பதினொன்றுக்கு மரியாதையாக லேசாக எழுந்து உட்கார்ந்தார்கள்.

"அப்போ சொந்த முகம், சொந்தக் கண்ணு, சொந்தக் கை கால், சொந்தக் குரல், எல்லாத்தோடயும் இந்தப் படத்துல அதிக நேரம் இருக்கிற மனுஷர் யாரு?"

அளவை அதிகாரி கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஆஸ்பத்திரி சீன்ல ஒரு நர்ஸ். கட்டிலுக்கு வர்றாங்க, கூட்டத்தை விலக்கறாங்க, வசனம் பேசறாங்க, ஜன்னலைத் திறக்கறாங்க. நாற்பத்தொரு விநாடி."

நாற்காலியின் அடியில் குஷன் தன் விரலையே ஊசியால் குத்திக்கொண்டார்.

செயலாளர் அவர் யாரென்று சொல்லி வெளியே இழுத்தபோது தலைவர் எழுந்துவந்து கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள். உங்க சம்சாரம் கதாநாயகி ஆயிட்டாங்க."

"ஐயா, நான் வசன அட்டைக்குத்தான் வந்தேன்."

"அட்டை சின்ன மனுஷங்களுக்கு. அவங்க நாயகி. அவங்க பேர்ல ஒரு தோல்வி இருக்கு."

குஷன் அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் கையால் வேலை செய்கிறவருக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு பக்கம் அளந்தால் மறுபக்கமும் அளந்துபார்ப்பார். "ஐயா, இதே மாதிரி மத்த பதினாறு படத்தையும் அளந்தா…"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். பதினாறு என்று சொல்லிவிட்டாரே. மரியாதை முடிந்து உட்கார்ந்ததும் தலைவரின் குரல் கடுத்தது. "வெற்றியை அளக்கிறது அவமரியாதை. வெற்றியை நம்பணும். தோல்வியைத்தான் அளக்கணும். இதுகூடத் தெரியாமத்தான் நாட்டுல பாதிப் பேர் இருக்காங்க."

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது: 'உச்சத்தின் பதினாறு பத்திரம். நர்ஸ் நாயகியால் படம் படுதோல்வி.' அதற்கு மறுநாள் ரசிகர் மன்றத்திலிருந்து ஐந்து பேர் வீட்டுக்கே வந்தார்கள். அடிக்க வந்தவர்கள்தான். ஆனால் கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் அவர்களுக்குக் குழப்பம். நாயகி என்றால் இப்படி மாவுக் கையோடு இருப்பாரா? "உங்க பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

"எந்தப் பொண்ணு? எனக்குப் பையன்தான். வெளியூர்ல வேலை பாக்கறான்."

தலைவன் மாதிரி இருந்தவன் சுதாரித்துக்கொண்டு, "எங்க அண்ணன் படத்தைக் கெடுத்துட்டீங்கம்மா," என்று சத்தம் போட்டான். "நீங்க நல்லா நடிச்சிருந்தா ஓடியிருக்கும்ல?"

அன்று மாலை கூட்டத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் போன் பண்ணினார். இருபத்துமூன்று வருடப் பழக்கம், ஆனாலும் குரலில் ஒரு தூரம் வந்துவிட்டிருந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேர் ராசியில்லாதவங்க பட்டியல்ல ஏறிடுச்சு. தொடர்வெற்றி உள்ள யார் பக்கத்துலயும் நீங்க நிக்கக் கூடாதாம். கூட்டத்துலகூட."

"கூட்டத்துல கூடவா?" என்றார் அக்கா.

"ஆமாங்க்கா. கடைசி வரிசைலகூட."

போனை வைத்துவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் துலக்கினார். இழவு வீட்டுக் காட்சிக்கெல்லாம் சொன்ன நொடியில் அழுகிறவர், அன்றைக்கு ஒரு சொட்டு விடவில்லை.  பேசுகிற வேஷம் கேட்கப் போய், வாய்மூடி நிற்கிற இடத்தையும் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேனே என்று குஷன் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு வாரியத்தைத் திட்டினார். பிறகு அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த நாற்காலிகளை நினைத்து, வயிறெரிந்து, இன்னும் கொஞ்சம் திட்டினார்.

வாரியத்துக்கு ஒரு குணம் உண்டு. மிதித்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்டு, அதற்கும் ஒரு விழா எடுக்கும். இருபத்தெட்டாம் தேதி 'பதினாறு பாதுகாப்பு விழா' என்று அழைப்பிதழ் வந்தது. கூடவே செயலாளர் வந்தார்.

"நாயகிங்க தோத்தா மேடையில வந்து மன்னிப்பு வாசிக்கணும். அது மரபு. இதோ காகிதம், நாங்களே எழுதிட்டோம். வாசிச்சிட்டாங்கன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவோம். அங்கேயே வசன அட்டையும் குடுத்துடுவோம். மறுநாள் அவங்களுக்கு வயசு முடியுதில்ல?"

குஷன் மனைவியைப் பார்த்தார். "வாசிச்சுடு. நாலு வரிதானே. யாரோ எழுதினதைப் படிக்கிறதுதானே நடிப்பு."

அக்கா காகிதத்தை வாங்கிப் படித்தார். "சரி," என்றார்.

விழா ஊரிலேயே பெரிய அரங்கில். நானூறு நாற்காலி. வேலை நாள் என்பதால் ரசிகர்கள் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, வாரியம் வழக்கம்போல ஏஜென்ட்டிடம் சொல்லி நானூறு பேரை வரவழைத்திருந்தது. எல்லோரும் அக்காவோடு கூட நின்றவர்கள். மேடைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் கைதட்ட வேண்டும். அணைந்தால் நிறுத்த வேண்டும். குஷன் பக்கவாட்டில் சுவரோரம் நின்றார்.

தலைவர் பேசினார். "மக்கள் சும்மா விட்டா கண்டபடி ரசிப்பாங்க. எது பிடிச்சுது, எது பிடிக்கலைன்னு அவங்களே முடிவு பண்ணிட்டா அப்புறம் இந்த வாரியம் எதுக்கு?" விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள்.

உச்சம் பேசினார். உள்ளே வந்தபோதும் கண்ணாடியைக் கழற்றவில்லை. "இந்த வெற்றிகள் என்னோடது இல்லை. உங்களோடது. அதே மாதிரி அந்தத் தோல்வியும் என்னோடது இல்லை. அந்தம்மாவோடது." குரல் தழுதழுத்தது. "ஆனா நான் அவங்களை மன்னிச்சுட்டேன். ஏன்னா எனக்கு இதயம் பெருசு." விளக்கு எரிந்தது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் அவர் கண்ணெதிரே வசன அட்டை தயாராக இருந்தது, படம் ஒட்டி, முத்திரை குத்தி. குஷனுக்கு அது சுவரோரத்திலிருந்தே தெரிந்தது. வாசிச்சுடு, வாசிச்சுடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அக்கா காகிதத்தைப் பிரித்தார். "'என்னுடைய தகுதியின்மையால்…'" என்று தொடங்கினார். நிறுத்தினார். காகிதத்தை நான்காக மடித்து மேஜை மேல் வைத்தார்.

"இவரோட மூணாவது படத்துல இவங்கம்மா செத்தப்போ அழுதது நான்," என்றார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாததால் குரல் முதலில் உடைந்தது. "ஆறாவது படத்துல இவர் ஜெயில்லருந்து வந்தப்போ ஓடிவந்து கையாட்டினது நான். பதினொண்ணுல வெயில்ல ஒன்பது மணி நேரம் நின்னு இவர் பேரைக் கத்தினது நாங்க எல்லாரும். தோ, முன் வரிசையில உக்காந்திருக்காங்களே இவங்கதான். அந்தப் படமெல்லாம் ஓடிச்சே, அப்போ யாரும் கடிகாரம் எடுத்துக்கிட்டு வந்து எங்களை அளக்கலையே? ஜெயிச்சா நாங்க கூட்டம். தோத்தா நான் கதாநாயகியா? நல்லா இருக்குய்யா உங்க கணக்கு!"

தலைவர் கையை அசைத்தார். மைக் செத்தது. செயலாளர் அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்தார். குஷனும் பார்த்தார். ஒரு கணம் அதைப் பிடுங்க மேடையைப் பார்த்து ஓரடி வைத்தார். அடுத்த கணம், போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் அக்கா மேடையின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். மைக் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து, அந்த அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி சொன்னார்:

"இங்க கூட்டம் போடாதீங்க. எல்லாரும் வெளியே போங்க. காத்து வரட்டும்."

நானூறு பேருக்கும் அந்த வசனம் பாடம். முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பிறகு மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். இருபது வருடமாகப் படத்துக்குப் படம் செத்துக் கிடந்தே சம்பாதித்தவர், பொணம் என்றே கூப்பிடுவார்கள். அவர் எழுந்து நின்று, சட்டையைத் தட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார். அவரே எழுந்த பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஓடவில்லை, தள்ளவில்லை. கூட்டமாக நகர்வது அவர்கள் தொழில், அதை ஒழுங்காகச் செய்தார்கள்.

"பதினாறு!" என்று தலைவர் மேடையிலிருந்து கத்தினார். "பதினாறு! பதினாறு!" அந்த எண்ணைக் கேட்டால் நிற்பார்கள் என்று நினைத்தார் போல. மேடையில் இருந்த அதிகாரிகள் மட்டும் எழுந்து நின்றார்கள். யாரோ பதற்றத்தில் விளக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நானூறு காலி நாற்காலிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உச்சம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் யாரும் தெரியவில்லை.

மறுநாள் வாரியம் அறிக்கை விட்டது: விழாவுக்கு வந்த கூட்டம் அரங்கத்துக்கு உள்ளே கொள்ளாமல் முழுக்க வெளியே நின்றதாம். பித்தளை எண்ணைப் பதினேழாக மாற்றிவிட்டார்கள். விழாவையும் ஒரு வெற்றியாகச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தண்டச் சோற்றைத் தின்பதற்கு அறுபது பேர், மூன்று மாடி, ஒரு லிஃப்ட். தூ!

அது மறுநாள் கதை. அன்றைக்கு அரங்கத்தின் வாசலில் வெயில் கொளுத்தியது. நானூறு பேரும் தெருவில் நின்று அக்காவின் கையைப் பிடித்துப் பிடித்துப் பேசிவிட்டுக் கலைந்தார்கள். கடைசியில் பஸ் ஸ்டாப்பில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"அட்டை போச்சுங்க," என்றார் அக்கா.

"போச்சு."

"நாளைக்கு அம்பது."

"ஆமா."

 அக்கா அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியா சொன்னேனா?"

குஷன் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். அந்த ஒன்பது டேக்கிலும் யாரும் அவரைப் பார்த்துச் சொல்லாததைச் சொன்னார்.

"ஓகே. ஒரே டேக்கு."